குறும்படத்துக்குக் கதை தேடும் முறை: முதல், கரு, உரி

எட்டு நிமிடக் குறும்படம் எடுக்கச் சொன்னதும் மும்பையில் மீடியா படிக்கும் நம் பிள்ளைகள் பலர் கேமராவோடு நேராகத் தாராவிக்கோ மாட்டுங்காவுக்கோ போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது நல்ல ஷாட் நூறு இருக்கும், கதை இருக்காது. அப்புறம் வாய்ஸ் ஓவரை ஒட்டி, பாதி டாக்குமென்டரியாக முடித்துக் கொடுப்பார்கள். கேமராவைத் தொடுவதற்கு முன் மூன்று வாரம் ஒதுக்கினால் இதைத் தவிர்க்கலாம். லென்ஸ், எடிட்டிங் எதுவும் இங்கே கிடையாது. கதைக்கான ஆய்வு மட்டும்.

எடுத்துக்காட்டாக, தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆளும் சம்பவமும் விளக்கத்துக்காகக் கட்டியவை.

படி 1: நோட்டில் மூன்று பத்தி

200 பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று நெடுக்குப் பத்தியாகப் பிரியுங்கள். தலைப்புகள்: முதல், கரு, உரி.

இது தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் பகுப்பு. முதல் என்றால் நிலமும் பொழுதும். கரு என்றால் அந்த நிலத்தில் இருப்பவை: உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், தெய்வம். உரி என்றால் அங்கே மனிதர்களுக்குள் நடப்பது: புணர்தல், பிரிதல், இருத்தல் (பொறுத்துக் காத்திருப்பது), இரங்கல், ஊடல். முதலைவிடக் கரு சிறந்தது, கருவைவிட உரி சிறந்தது என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்கிறார்கள். குறும்பட ஆய்வுக்கு இதைவிடக் கச்சிதமான கருவி எனக்குத் தெரியவில்லை. தொடக்கம், நடு, முடிவு என்ற மூன்று அங்க அமைப்பெல்லாம் இரண்டு மணி நேரப் படத்துக்கு உதவும். எட்டு நிமிடத்துக்குள் அதை அடைத்தால் மூச்சு முட்டும்.

போன் நோட்ஸில் எழுத வேண்டாம். எதிரே இருப்பவர் பேசும்போது நீங்கள் போனைப் பார்த்தால், வேறு யாருக்கோ மெசேஜ் அனுப்புகிறீர்கள் என்றுதான் நினைப்பார்.

படி 2: முதல்

‘தாராவி, காலை’ என்று எழுதினால் போதாது. எந்தத் தெரு, எந்த மாதம், எத்தனை மணி? இட்லி வியாபாரம் வைகறையில் நடப்பது. மும்பையில் ஜூன் தொடக்கத்தில் 6 மணிக்கே சூரியன் வந்துவிடும். ஜனவரியில் 7 மணி தாண்டித்தான் வரும். ஆகவே காலை ஆறரை மணிக் காட்சி ஜூனில் வெயிலிலும் ஜனவரியில் தெருவிளக்கிலும் நடக்கும். விடிவதற்கு முந்தைய நீல வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். கதையில் மழை வேண்டுமென்றால் ஷூட்டிங் செப்டம்பருக்குள் முடிய வேண்டும். நவம்பரில் சமர்ப்பிக்க வேண்டிய படத்துக்கு மழைக்கதையை யோசித்துவிட்டுத் தண்ணீர் லாரிக்கு அலையாதீர்கள்.

படி 3: கரு

இந்தப் பத்தி தானாக நிரம்பும். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கண்ணில் படும் பொருள்களையும் காதில் விழும் ஒலிகளையும் எழுதுங்கள். அலுமினியத் தூக்கு, ரப்பர் ஹாரன், சட்னிப் பை, கேரியரில் கட்டிய டியூப். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சொல்லும் பெயரையே எழுதுங்கள். அறையைக் கோலி என்றால் கோலி, தொழிலைத் தந்தா என்றால் தந்தா. நல்ல தமிழாக்குகிறேன் என்று மாற்றினால் வசனம் செத்துவிடும்.

தொழிலின் நேர வரிசையையும் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் அரிசி ஊறும், சாயங்காலம் மாவாட்டுவார்கள், எட்டு பத்து மணி நேரம் புளிக்கும், மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள், ஓர் ஈடு வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். குளிர்காலத்தில் மாவு புளிக்கத் தாமதமாகும். உங்கள் கதைக்குத் தடை ஒன்று தேவைப்பட்டால் இதற்குள்ளேயே கிடைக்கும்.

படி 4: உரி

எல்லாரும் வழுக்கி விழும் இடம் இது. கருப் பத்தி முப்பது பக்கம் நிரம்பியதும் ஆய்வு முடிந்தது என்று தோன்றும். சேர்ந்திருப்பது தகவல்தான். உரிப் பத்தி காலியாக இருந்தால் இன்னும் ஒரு வரிக் கதைகூட உங்களிடம் இல்லை.

உரி பேச்சில்தான் கிடைக்கும், அதற்கு மூன்று முறையாவது போக வேண்டும். மூன்றாவது முறை பற்றிப் பின்சேர்க்கையில் சொல்கிறேன்.

முதல் முறை ரெக்கார்டர் வேண்டாம். இட்லி வாங்கிச் சாப்பிடுங்கள், ‘அண்ணாச்சி, எந்த ஊரு?’ என்று கேளுங்கள், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதை நேராகச் சொல்லுங்கள். விற்கும் நேரத்தில் நிறுத்திப் பேசக் கூடாது. பதினொரு மணிக்கு மேல் தூங்கப் போய்விடுவார்கள். சாயங்காலம் மாவாட்டும் நேரம்தான் பேச்சுக்கு வசதி, கை வேலையில் இருந்தால் வாய் தாராளமாகப் பேசும்.

இரண்டாவது முறை அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். போன் போதும், ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுவில் கால் வந்தால் ரெக்கார்டிங் நின்றுவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. போனை மடித்த துணியின் மேல் வைத்தால் கிரைண்டர் அதிர்வு ஏறாது. காசு இருந்தால் முதலில் வாங்க வேண்டியது சட்டையில் குத்தும் லேப்பல் மைக். அதை வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். பத்துக்குப் பத்து அறையில் மிக்ஸியும் டிவியும் பக்கத்து வீட்டுக் குக்கரும் சேர்ந்து கத்தும்போது வேறு எதுவும் உதவாது.

‘உங்க கஷ்டம் என்ன?’ என்று கேட்காதீர்கள். அதற்குத் தயார் பதில் ஒன்று எல்லாரிடமும் உண்டு: விலைவாசி, வாடகை, பிள்ளைகள் படிப்பு. உண்மைதான், ஆனால் படமாகாது. ‘நேத்துக் காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க அண்ணாச்சி’ என்று தொடங்குங்கள். நேற்று என்று குறிப்பிட்டால் பொதுப்பேச்சு போய்ச் சம்பவம் வரும். அடுத்து, ‘கடைசியா எப்போ இட்லி மிஞ்சிச்சு? அன்னைக்கு என்ன பண்ணினீங்க?’ அவர் பதில் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்விக்குப் பாயாமல் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த அமைதியை நிரப்ப அவர் சொல்வதுதான் பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியது.

வீட்டிலுள்ள இன்னொருவரிடம் அதே நாளைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். எடுத்துக்காட்டில் மனைவி இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘மிஞ்சுனா நான் சாப்பிடுவேன். எல்லாம் வித்துப்போச்சுன்னா டீதான்.’ அங்கேயே பேனாவை வையுங்கள். கணவருக்கு நல்ல வியாபாரம் நடக்கும் நாளெல்லாம், மூன்று மணிக்கு எழுந்து அவித்த அந்த அக்காவுக்குக் காலைச் சாப்பாடு இல்லை. அது கணவருக்குத் தெரியுமா? தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாரா? உரிப் பத்தியில் எழுதுங்கள்: ஊடல். முப்பது பக்கக் கருவில் கிடைக்காதது அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது.

பதிவை அன்றிரவே கேட்டு எழுதிவிடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும். தானாக எழுத்தாக்கும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. நெல்லைத் தமிழும் பம்பாய் இந்தியும் கலந்த பேச்சில் அவை தடுமாறும். அவர் எங்கே தயங்கினார், எங்கே பேச்சை மாற்றினார் என்பதையும் எழுதிக் காட்டாது. இழுத்த சொல்லை இழுத்தபடியே எழுதுங்கள்.

படி 5: காலத்தைச் சரிபார்த்தல்

யாரும் ஆண்டு சொல்ல மாட்டார்கள், ‘வெள்ளம் வந்த வருசம்’ என்பார்கள். கைவசம் ஓர் அட்டவணை இருக்கட்டும்: மில் ஸ்டிரைக் தொடங்கியது ஜனவரி 1982, கலவரம் டிசம்பர் 1992, ஜனவரி 1993, பெருவெள்ளம் 26 ஜூலை 2005, நோட்டு செல்லாமல் போனது 8 நவம்பர் 2016, ஊரடங்கு மார்ச் 2020. வெள்ளத்தன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்தது. ‘அன்னைக்குச் சாயங்காலம் டிரெயின்ல ஊர் போனேன்’ என்று யாராவது சொன்னால் தேதி குழம்பியிருக்கிறது என்று பொருள். அவர் பொய் சொல்கிறார் என்று எழுதிவிடாதீர்கள், மறுபடி கேளுங்கள்.

படி 6: கதையாக்குதல்

ஒன்லைன் எழுதுங்கள். யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது, எதற்குள்? ‘எல்லா இட்லியும் விற்றே ஆகவேண்டிய நாளில், மனைவிக்காக நாலு இட்லியை மறைத்துவைக்கும் வியாபாரியிடம், கடைசி வாடிக்கையாளர் அந்த நாலையும் கேட்கிறார்.’ ஒரு காலை, ஒரு முடிவு. எட்டு நிமிடம் இதைத்தான் தாங்கும். ஊரிலிருந்து ரயிலேறி வந்தது, கோலி வாங்கியது, மகள் கல்யாணம் எல்லாம் நோட்டிலேயே இருக்கட்டும்.

பிறகு கருப் பத்திக்குத் திரும்பி, அந்த உணர்ச்சியைச் சுமக்க ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு காட்சிக்குள் மனத்தில் உள்ளதை மறைத்துச் சொல்லும் உள்ளுறை என்று நம் கவிஞர்கள் செய்தது இதற்கு மிக நெருங்கியது. இங்கே தூக்கின் அடியில் விரித்திருக்கும் ஈரத்துணி. முதல் காட்சியில் மனைவி அதைப் பிழிந்து விரிக்கிறார். நடுவில் நாலு இட்லியின் மேல் வியாபாரி அதை மடித்து மூடுகிறார். கடைசியில் துணி பிரிகிறது. ‘உனக்காக வச்சேன்’ என்ற வசனம் தேவையில்லை, இருந்தால் வெட்டிவிடுங்கள்.

காட்சிகளைத் தனித்தனி அட்டையில் எழுதி, ஒவ்வொன்றின் மூலையிலும் தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாட்டில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்றைக் குறியுங்கள்: நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அடுத்தடுத்த இரண்டு அட்டையில் ஒரே மெய்ப்பாடு வந்தால் ஒன்றைத் தூக்குங்கள். எல்லா அட்டையிலும் அழுகை என்றால் நீங்கள் அவர்மேல் பரிதாபப்படுகிறீர்கள், அவரை இன்னும் பார்க்கவில்லை. படி 4-க்குத் திரும்பிப் போய், அவர் எதில் பெருமைப்படுகிறார் என்று கேளுங்கள்.

படி 7: நேரம் பார்த்தல்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு 12 பாயின்ட் கூரியர் எழுத்தில் அடித்த ஆங்கில ஸ்கிரிப்டுக்கானது. தமிழுக்குப் பொருந்தாது, கூரியரில் தமிழ் எழுத்தே இல்லை. கூகுள் டாக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். நேரத்துக்கு ஸ்டாப்வாட்ச் வைத்து, செயல்களையும் நடித்துக்கொண்டே வாய்விட்டுப் படியுங்கள்.

இன்னொரு சோதனை: நண்பரோடு சயான் ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறி, சில நிமிடத்தில் தாதர் ஸ்டேஷன் வருவதற்குள் கதையைச் சொல்லி முடியுங்கள். முடியவில்லை என்றால் கதை பெரிது. நடுவில் அவர் போனை எடுத்தால் எந்த அட்டையில் எடுத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

பேச வந்தவருக்குப் பணம் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பேச்சுக்கு விலை வைத்தால் நீங்கள் விரும்புவதைச் சொல்லத் தொடங்கிவிடுவார். ஆனால் உங்களால் அவர் வியாபாரம் கெட்டால் அந்த நஷ்டத்தைக் கட்டாயம் கொடுங்கள்.

சொன்ன விஷயம் வீட்டுக்குள் சண்டையாகுமா என்ற கேள்வியும் வந்தது. ஆகும். மனைவி தனியாகச் சொன்னதைக் கணவர் திரையில் பார்க்கக் கூடாது. பெயர், தெரு, தொழில் மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள். மூன்றாவது முறை போகும்போது சொன்னவருக்கே முதலில் ஸ்கிரிப்டைப் படித்துக் காட்டுங்கள். ‘வேண்டாம் தம்பி’ என்றால் அந்தக் காட்சி போய்விட்டது, பேரம் பேசக் கூடாது. சம்மதித்தால், தொழிலில் தப்பு எங்கே என்று கேளுங்கள். துணியைச் சூடான இட்லிமேல் அழுத்தி மூடினால் ஒட்டிக்கொண்டு தோல் உரியும், ஓரத்தைத் தளர்வாக மடித்துப் போட வேண்டும் என்று அந்த அக்காதான் சொல்வார். துணியால் மூடும் காட்சியின் அட்டையை அப்படியே திருத்தி எழுதுங்கள்.