கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இன்ஜினியரிங் முதல் வருடம்

கூச்சத்தால் முதல் வருடத்தில் நிஜமாகவே நஷ்டம் வரும் இடங்கள் சிலதான்: வகுப்பில் செல்ஃப் இன்ட்ரோ, லேப் வைவா (வாய்மொழித் தேர்வு), ஸ்டாஃப் ரூம் வாசல், ஹாஸ்டல் மெஸ். கலகலப்பான ஆளாக மாறவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இந்த இடங்களில் என்ன பேசுவது என்பதை முன்னாடியே தயார் செய்து வைத்துக்கொண்டால் மார்க்கும் போகாது, ராத்திரி பட்டினியும் கிடக்க வேண்டாம்.

முதல் வாரம் ஒவ்வொரு பீரியடிலும் புதுப் புது ஆசிரியர் வந்து செல்ஃப் இன்ட்ரோ கேட்பார். பெயர், ஊர், படித்த பள்ளி, எடுத்திருக்கும் பிரிவு, பிடித்த ஒரு விஷயம் என ஐந்தே வாக்கியம் எழுதி, அறையில் வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது. நாக்குக்குப் பழக வேண்டும். படபடப்பு பேசும்போது மட்டும் இல்லை, முறை வரும் வரை காத்திருக்கும்போதும் ஏறும். அந்த நேரத்தில் நம் வாக்கியத்தையே உருப்போடாமல் மற்றவர்கள் சொல்லும் ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவராவது தேறுவார். இடைவேளையில் "நீங்க திண்டிவனமா? நான் செஞ்சிங்க" என்றால் போதும், பேச்சு தானாக நகரும். வாங்க போங்க எல்லாம் ரெண்டே நாளில் வா போ ஆகிவிடும்.

உட்காரும் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கூச்சப்படுபவர்கள் கடைசி பெஞ்சைத் தேடிப் போவார்கள். ஆனால் கேள்வி கேட்க ஆசிரியரின் கண் முதலில் போவது அங்கேதான். இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசை, சுவரோரம், அதே இடத்தில் இரண்டு வாரம். பக்கத்தில் இருக்கும் இருவர் முகம் தினமும் பார்த்தே பழகிவிடும்.

உண்மையில் கூச்சக்காரருக்கு நட்பு கிடைக்க லேப் மாதிரி இடம் வேறு இல்லை. பேட்ச் பெரும்பாலும் ரோல் நம்பர் வரிசையில் பிரிப்பதால் அதே முகங்கள் வருடம் முழுக்க கூட வரும். பேசுவதற்கு விஷயத்தையும் வேலையே கொடுத்துவிடும்: "பியூரெட் ரீடிங் எவ்வளவு வந்துச்சு?"

வைவாவில் வாய் திறக்காமல் நின்றால், தெரிந்த பதிலும் தெரியாததாகவே கணக்காகும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் லேப் பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மார்க்) மட்டுமே 60 சதவீதம் என்பதால் இந்த மௌனம் விலை உயர்ந்தது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் நோக்கம், சூத்திரம், அலகு, ஒரு "ஏன்" என நான்கு பதிலைத் தயாராக வைத்திருங்கள். உதாரணமாக, இடிடிஏ என்ற ரசாயனம் வைத்து நீரின் கடினத்தன்மை பார்க்கும்போது அம்மோனியா பஃபர் (பிஎச் மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்) எதற்கு என்று கேட்பார்கள். பிஎச் சுமார் 10-ல் நின்றால்தான் எரியோக்ரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி ஒயின் சிவப்பிலிருந்து ஸ்டீல் நீலத்துக்குத் தெளிவாக மாறும். அதை ஒரு வரியில் சொல்லிப் பழகுங்கள். முழுப் பதில் தெரியாவிட்டால் "சார், இது வரைக்கும் தெரியும்" என்று தெரிந்ததைச் சொல்லுங்கள்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரில் சரளமாகப் பேசும் நீங்கள் வகுப்பில் மட்டும் வாயடைத்துப் போகிறீர்கள் என்றால், தடுப்பது ஆங்கிலம். "மேடம், தமிழ்ல சொல்லலாமா?" என்று கேளுங்கள், லேபில் பல ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள். செமினாருக்கு முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். முழுவதையும் நெட்டுரு போட்டால் ஒரு வரி நழுவினாலே மொத்தமும் நின்றுவிடும். மிச்சத்துக்கு ஸ்லைடுக்கு மூன்று குறிப்புச் சொல் போதும்.

செமினார் நாளில் லீவு போடுவதுதான் பலரும் விழும் குழி. அன்றைக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியே அடுத்த முறை பயத்தைக் கூட்டும். வருகைப் பதிவும் குறையும். செமஸ்டர் எழுத 75 சதவீதம் வேண்டும்.

சந்தேகம் கேட்க ஸ்டாஃப் ரூமுக்குப் போகும்போது நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருங்கள். "சார், அஞ்சு நிமிஷம் இருக்குமா? இந்த மூணாவது ஸ்டெப் புரியல" என்றால் விஷயம் முடிந்தது. "ஒண்ணுமே புரியல" என்றால் அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கூட ஒருவரை அழைத்துப் போவதில் தவறே இல்லை.

ஹாஸ்டலில், தனியாகச் சாப்பிட வெட்கப்பட்டு பிஸ்கட்டோடு ராத்திரியை ஓட்டுபவர்கள் நிறைய. ரூம்மேட்டிடம் தினமும் ஒரே நேரத்தில் "சாப்பிடப் போலாமா?" என்று கேட்பதை வழக்கமாக்குங்கள். முதல் இரண்டு மாதம் வாராவாரம் ஊருக்கு ஓடாதீர்கள். கூட்டு சேர்வது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் இடத்தில்தான். மேடை ஏறாத வேலை உள்ள அமைப்பாகப் பார்த்துச் சேருங்கள். என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) அப்படிப்பட்டது: வருடத்துக்கு 120 மணி நேரம், பிறகு ஏழு நாள் முகாம்.

அண்ணா, அக்கா என்று மரியாதையாகப் பேசினாலே பெரும்பாலான சீனியர்கள் நோட்ஸ் முதல் பழைய வினாத்தாள் வரை தருவார்கள். மிரட்டல், அவமானப்படுத்தல் என்று போனால் அது ராகிங். நேரில் சொல்லத் தயங்குபவர்கள் 1800-180-5522 என்ற தேசிய ராகிங் தடுப்பு இலவச எண்ணை அழைக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, வகுப்பையும் மெஸ்ஸையும் தவிர்க்கத் தொடங்கினால் கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். ஆலோசகர் முன்னால் பேச்சு வராது என்று தோன்றினால், எப்போதிருந்து, எந்த இடத்தில், உடம்பில் என்ன ஆகிறது என மூன்று வரி தாளில் எழுதிக்கொண்டு போய்க் கையில் கொடுத்துவிடுங்கள்.