நடனப் பட்டறைகளில் சறுக்கும் இடங்கள்

முழங்காலை மடித்து வெளிப்பக்கம் திருப்பி நிற்கும் இரண்டு நிலைகள், இலங்கையின் கண்டிய நடனத்து மண்டிய நிலையும் பரதத்தின் அரைமண்டியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், ‘அட, ரெண்டும் ஒண்ணுதானே’ என்று தோன்றும். வெவ்வேறு பண்பாட்டு ஆட்டங்களைச் சேர்த்து நடத்தும் பட்டறைகளில் பாதிச் சிக்கல் இந்த ‘ஒண்ணுதானே’வில்தான் ஆரம்பிக்கிறது. அரைமண்டியில் குதிகால்கள் கிட்டத்தட்ட ஒட்டியிருக்கும். மண்டிய நிலையில் பாதங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி உண்டு. எடை இறங்கும் விதமே வேறு. பல வருடம் பரதம் ஆடிய உடம்பு அங்கே போய் நின்றதும் தன்னையறியாமல் குதிகாலைச் சேர்க்கப் பார்க்கும். கற்றுக்கொள்ள வேண்டியது அந்த இழுபறியில்தான் கிடக்கிறது, ஏனென்றால் நம் உடம்பு எதைப் பழகி வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் நமக்கே தெரியும். ஆனால் முதல் நாள் மதியமே ‘ஃப்யூஷன்’ வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் சில அமர்வுகளாவது எதையும் கலக்காமல் விடுங்கள்.

தாளத்திலும் இதே அவசரம்தான். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ ஆட்டத்தில் சொலேயா என்ற வகை பன்னிரண்டு எண்ணிக்கையில் போகும். அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல் விழும். ஆதி தாளத்தில் ஊறிய காது அதை நாலு நாலாக வெட்டிவிடும். காலை இறக்கும் முன் ஒரு மணி நேரம் கை தட்டியே பழகுவது நல்லது.

அடுத்தது வரலாற்றைக் கழுவித் துடைத்துவிட்டுக் கற்றுத்தருவது. பறையை எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பமரச் சட்டம், மாட்டுத்தோல், ஒரு கையில் நீளமான மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. தோல் இறுகுவதற்காக அடிக்கும் முன் தீயில் காய்ச்சுவார்கள். பட்டறை நடக்கும் ஹாலில் தீ மூட்ட முடியாது, சரி. அதற்காக அந்தத் தோலைப் பற்றிப் பேசாமலே விடலாமா? சாவு வீட்டில் பறையடிப்பதைச் சாதியின் பெயரால் சில மக்கள்மேல் சுமத்தினார்கள். அந்த இழிவு வேண்டாம் என்று பறையைத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு. அதே பறையைப் போராட்டக் கருவியாக உயர்த்திப் பிடித்தவர்களும் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையடித்து ஆடுகிறார்கள். 2025-இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இவ்வளவையும் விட்டுவிட்டு ‘மன அழுத்தம் குறைக்கும் பழங்குடித் தாளம்’ என்று நோட்டீஸ் அடித்தால், பறை போய் வெறும் சத்தம்தான் மிஞ்சும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. வந்த கலைஞரை நடுவில் நிறுத்தி, ‘நீங்கள் பட்ட அவமானத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்கிறார்கள். அவர் அடவு சொல்லித்தர வந்தவர். எதைப் பேசுவது, எதை விடுவது என்பதை முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வரலாற்றைச் சொல்வது அமைப்பாளர் தலையில் விழும் வேலை.

பங்கேற்பவர்களிடமும் இதே வன்முறை சிரித்த முகத்தோடு நடக்கும். ‘நீங்கள் தமிழர்தானே, பரதம் கொஞ்சம் ஆடிக் காட்டுங்களேன்!’ மட்டக்களப்புப் பையன் வடமோடிக் கூத்து பார்த்து வளர்ந்திருப்பான். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்குக் காமன் கூத்தும் தப்பு மேளமும்தான் நெருக்கம். இருவருக்கும் பரதம் பக்கத்து வீட்டுக் கலையாகக்கூட இல்லாமலிருக்கலாம். ஆட்டமே வராது, பாட்டி நாற்று நடும்போது குனிந்த விதம்தான் நினைவிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதையும் அசைவாக எடுத்துக்கொள்ளுங்கள். பரதத்தையே ‘ஈராயிரம் வருடமாக மாறாதது’ என்று அறிமுகப்படுத்துவதையும் விடலாம். சதிர் என்று ஆடப்பட்டது 1930-களில்தான் பரதநாட்டியம் என்று பெயர் மாறி சபா மேடைகளில் நிலைத்தது. 1947-இல் வந்த சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுச் சடங்கோடு, கோயிலில் தேவதாசிகள் ஆடுவதையும் தடை செய்தது. அதை அதுவரை ஆடிவந்த குடும்பங்களைச் சொல்லாமல் அந்தக் கலையின் கதையைச் சொல்ல முடியாது.

எல்லாமே தொட்டு விளையாடக் கொடுத்தவை என்றும் நினைக்க வேண்டாம். கண்டிய நடனத்தின் வெஸ் தலையணி, நீண்ட பயிற்சிக்குப் பிறகு சடங்கோடு முதன்முதலாகச் சூட்டப்படுவது. அதைச் செல்ஃபிக்காகக் கைமாற்றிப் போட்டுக்கொள்வது அசிங்கம். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் முழங்கி ஆடும் ஹாக்காக்களில் ஒன்றான ‘க மாத்தே’ இன்னொன்று. அதை ஆக்கியவர் ங்காத்தி தோவா என்ற மாவோரி இனக்குழுவின் தலைவர் தே ரவ்பராஹா. அதை வணிகத்துக்குப் பயன்படுத்தும்போது இதைக் குறிப்பிட வேண்டும் என்று 2014-இல் அந்நாடு சட்டமே போட்டது. ஊழியர்களுக்கு உற்சாகமூட்ட நாக்கை நீட்டிக் கத்த வைக்கும் கம்பெனிப் பட்டறைகளுக்கு இது உறைத்தால் சரி.

அப்புறம் தரை. வெறும் சிமெண்டிலோ டைல்ஸிலோ, பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவு போட்டால் முழங்கால் போய்விடும். மரத்தரை கிடைக்கவில்லை என்றால் தட்டுவதைக் குறைத்துக் கை, பார்வை, நடை என்று வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் மேடை நிகழ்ச்சி இல்லாமலே முடித்தால் நல்லது. நிதி கொடுத்தவர் கேட்கிறார் என்றால், அரைகுறையாக இருப்பதையே வகுப்பாகத் திறந்து காட்டுங்கள். கூத்தின் வட்டக்களரி போல ஆட்களைச் சுற்றிலும் உட்கார வையுங்கள்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பயிற்றுநருக்கு எழுத்தில் ஒப்பந்தமும், கூத்து சொல்லித்தர வந்த அண்ணாவியாருக்குப் ‘போக்குவரத்துச் செலவு’ என்று ஒரு கவரும் கொடுப்பது இன்னும் போகவில்லை. இருவருக்கும் ஒரே ஒப்பந்தம், ஒரே மணிக்கூலி. எடுத்த வீடியோ எங்கே போகும், யார் பெயரில் போகும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.