வேன் ரன்னிங் போர்டு வீட்டிலேயே மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) பக்கமோ, புதுச்சேரியில் முத்தியால்பேட்டை பக்கமோ பழைய மாருதி வேன் வைத்திருப்பவர்கள் இன்ஜினுக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூடக் கதவுக்குக் கீழே காட்டுவதில்லை. கதவைத் திறந்தால் கால் வைத்து ஏறும் இடத்தில் நீளமாக ஓடுகிறதே ஒரு பெட்டித் தகடு, பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள், அதுதான் முதலில் போகும். 1984-லிருந்து 2019 வரை தயாரான வண்டி என்பதால் இன்னும் ஏராளமாக ஓடுகிறது, அதில் மீன் ஏற்றிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் இறங்கியிருக்கும்.

வீட்டு வாசலிலேயே சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை வைத்து இதை மாற்ற முடியும். நான் இரண்டு வண்டிக்குச் செய்திருக்கிறேன். முதல் வண்டியில் ஏறக்குறைய எல்லாத் தப்பையும் செய்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தப்பு, துரு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு முடிந்துவிட்டது என்று நம்புவது. வெளித்தகட்டில் உள்ளங்கை அளவு ஓட்டை தெரிந்தால் உள்ளே முழங்கை நீளத்துக்குப் போயிருக்கும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, விரலளவு இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு டங் டங் என்று சொல்லும், கெட்ட தகடு சத் என்று அடங்கும். சத்தம் அடங்கின இடத்தில் அழுத்தினால் முனை உள்ளே போய்விடும், அப்பளம்போல அடுக்கடுக்காகத் துரு உதிரும். பெயின்ட்டும் பழைய பட்டியும் (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) சேர்ந்துதான் அதுவரை அதைத் தகடு மாதிரி காட்டிக்கொண்டு இருந்திருக்கும். வெளித்தகட்டை வெட்டினதும் டார்ச் அடித்து உள்தகட்டையும் தரைத்தகடு வந்து சேரும் ஓரத்தையும் பாருங்கள். உள்தகடு போயிருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே புதுசு போட்டு மூடுவது வீண் வேலை. வெல்டிங் நல்ல இரும்பைத்தான் பிடிக்கும், பிடிக்க இரும்பு வேண்டுமே.

அடுத்தது இதைவிட மோசம். இந்த வேனுக்கு லாரி மாதிரி தனியாகக் கழற்றி வைக்கும் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியே பாரம் தாங்குகிறது, அந்தப் பாரத்தில் பெரிய பங்கு இந்த ரன்னிங் போர்டு மேல்தான். அதை அப்படியே நீளமாக அறுத்து எடுத்தால் வண்டி நடுவில் லேசாகத் தொங்கும். தொங்கின நிலையிலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்துவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரம். சறுக்குக் கதவு பாதியில் சிக்கும், முன்கதவைத் தூக்கி அடித்தால்தான் பூட்டும். அதனால் சமதரையில் நிறுத்தி, வெட்டப்போகும் இடத்தை விட்டுத் தள்ளி நல்ல இரும்பு உள்ள இடங்களில் ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், செங்கல் அடுக்கி நிறுத்துவதும் கூடாது, பாரம் ஏறினால் செங்கல் சொல்லாமல் உடையும். கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு ஆங்கிளை (எல் வடிவ இரும்புப் பட்டையை) தற்காலிகமாக டேக் வைத்துவிடுங்கள், அதாவது சின்னப் புள்ளி வெல்டிங் அடித்துப் பிடிக்க வையுங்கள். ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு அடுத்த பக்கம். நடுநடுவே கதவைச் சாத்தி இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

நெருப்பு விஷயத்தில் அசட்டுத் தைரியம் வேண்டாம். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஒயர் எல்லாம் எந்த வழியில் ஓடுகிறது என்று பார்த்து ஒதுக்கிய பிறகுதான் கிரைண்டரையே எடுக்க வேண்டும். டேங்க் காலிதானே என்று சொல்வார்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. பக்கத்தில் இருந்தால் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். கேஸ் வண்டி என்றால் சிலிண்டரையும் கழற்றாமல் தொடவே தொடாதீர்கள். பேட்டரியின் இரண்டு முனையையும் எடுத்துவிடுங்கள். உள்ளே கார்பெட்டும் அதற்கு அடியில் தார் ஷீட்டும் இருக்கும், வெளியே அடிக்கும் சூடு உள்ளே அதைப் பற்றவைக்கும். எனக்கு நடந்தது அதுதான். வேலை முடித்துக் கைகழுவி டீ குடிக்க உட்கார்ந்த பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. பக்கெட் தண்ணீர் பக்கத்திலேயே இருந்ததால் தப்பித்தேன். இப்போதெல்லாம் கடைசி டேக் வைத்த பிறகு அரை மணி நேரம் வண்டியை விட்டு நகர்வதில்லை.

சரி, வெல்டிங். இரும்பு கேட் அடிக்கிற 10 நம்பர் வெல்டிங் ராடை எடுத்து இந்தத் தகட்டில் வைத்தால் தகடு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும். போடப்போகும் தகடு 20 கேஜ், அதாவது 0.9 மி.மீ. சுமார். 18 கேஜைவிடக் கனமாகப் போட்டால் (கேஜ் நம்பர் குறையக் குறையத் தகடு கனம்) பழைய தகட்டோடு சேராது, ஒன்று உருகும், மற்றது சூடே ஆகாது. இதற்குக் கம்பியைத் தானாக ஊட்டும் மிக் மெஷினும் 0.8 மி.மீ. கம்பியும்தான் சௌகரியம். வெல்டிங்கில் காற்றுப் படாமல் மூட கேஸ் வைத்து அடிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மே மாத வெயில் தாங்காமல் பக்கத்தில் டேபிள் ஃபேன் ஓட்டினாலோ, மத்தியானம் கடல்காற்று ஏறின பிறகு வெட்டவெளியில் அடித்தாலோ, கேஸ் பறந்துவிடும், வெல்டிங் இட்லி மாதிரி பொத்தல் பொத்தலாக வரும். காலையிலேயே முடியுங்கள் அல்லது தார்ப்பாய் கட்டுங்கள். கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கம்பி காற்றுக்குத் தாங்கும், ஆனால் அதற்கு மெஷினில் வெல்டிங் டார்ச்சை (கம்பி வரும் கைப்பிடியை) மைனஸில் மாற்ற வேண்டும். மாற்றாமல் அடித்துவிட்டு மெஷின் சரியில்லை என்று திட்டுபவர்கள் நிறைய.

ஒரே மூச்சில் நீளக்கோடு இழுக்கவே கூடாது, தகடு அலை அலையாக நெளியும். ஒரு டேக் இந்த ஓரத்தில், அடுத்தது அந்த ஓரத்தில், அப்புறம் நடுவில், கை வைத்துச் சூடு தணிந்ததா பார்த்து அடுத்தது. கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியாகப் பிடித்த வெல்டிங்) இருந்த ஓரங்களில் புதுத் தகட்டில் 8 மி.மீ. ஓட்டை போட்டு அதை நிரப்புங்கள், பிடிப்பு நன்றாக இருக்கும். எர்த் கிளாம்பைச் சுரண்டின இரும்பில், வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசின தகடு) துருப்பிடிக்காது என்று அதை வாங்குகிறார்கள், அதன் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் மாதிரி தூக்கிப்போடும். வைப்பதானால் வெல்டிங் ஓரத்தில் ஒரு இஞ்சுக்கு துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

வெல்டிங் கண்ணாடி இல்லாமல் ஒரு டேக்தானே என்று பார்த்தால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி இருக்கும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைப்பது எல்லாம் வேண்டாம், கண் டாக்டரிடம் போங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் விரட்டிவிடுங்கள்.

நம் ஊரில் வெல்டிங்கைவிட முக்கியம் அதற்கு அப்புறம் செய்வது. சாயங்காலம் பளபளவென்று தேய்த்து வைத்த இரும்பு, கடற்கரைப் பக்கத்து வீட்டில் காலையில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அன்றைக்கே தின்னர் போட்டுத் துடைத்து பிரைமர் அடித்துவிட வேண்டும். அடுக்கு சேரும் இடங்களில் சீலன்ட், பெட்டியின் உள்பக்கம் நீளக்குழாய் விட்டு மெழுகு ஸ்ப்ரே. பட்டியை மேல்பூச்சாக மட்டும் வையுங்கள். ஓட்டைக்குள் பேப்பர் திணித்துப் பட்டி பூசும் ஆட்களும் உண்டு, பட்டி தண்ணீரை உறிஞ்சும், ஒரு ஐப்பசி மழைக்கே வெளியே கொப்பளித்துவிடும்.

கடைசியாக, அடியில் வரிசையாக இருக்கும் சின்ன ஓட்டைகள். தண்ணீர் உள்ளே போகிறதே என்று அதை நல்லெண்ணத்தில் வெல்டிங் அடித்து மூடிவிடுகிறார்கள், நானும் மூடினேன். அது தண்ணீர் வெளியேறும் வழி. மழை முடிந்து தை மாதத்தில் ஒரு நாள் டிரில் போட்டுத் திறந்தபோது, டீ டிகாஷன் நிறத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் என் முகத்தில் கொட்டியது.