சாகக் கிடக்கும் கார்டிலிருந்து படங்களை எடுப்பது: முதலில் இமேஜ், பிறகுதான் தேடல்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் நாலைந்து மெமரி கார்டு நிறையும். அதில் ஒன்றைக் கணினியில் போட்டதும் "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும். பெட்டகத்திலிருந்து எடுத்து ஸ்கேன் செய்த இசைகுடிமானமும் (நகரத்தார் கல்யாண ஒப்பந்தப் பத்திரம்) பர்மாக் கணக்கு ஏடுகளும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிற வீடுகளும் உண்டு. கார்டோ டிஸ்க்கோ, வழி ஒன்றுதான். பழுதான பொருளில் எந்த மென்பொருளையும் ஓட்டாமல், அதை அப்படியே ஒரு இமேஜ் கோப்பாக நகலெடுத்து, அந்த நகலில் தேட வேண்டும்.

விண்டோஸ் கேட்கும் கேள்விக்கு "வேண்டாம்" சொல்லிவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் நிரலான செக்டிஸ்க்கும் ஓட்ட வேண்டாம். அது கோப்பு அட்டவணையைச் சரிசெய்வதாக நினைத்து அதன் மேலேயே எழுதிவிடும்.

ஹார்ட் டிஸ்க் "டக்... டக்..." என்று சீராகத் தட்டினால் இந்த விளக்கம் உங்களுக்கு இல்லை. தட்டிலிருந்து படிக்கும் ஹெட் போயிருக்கலாம். கரண்ட்டை நிறுத்திவிட்டு, தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். நம் ஊர் செம்மண் புழுதியில் மூடியைத் திறந்தால் கதை முடிந்தது. ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் பூக்கும்.

தேவையானவை: சிஸ்டம்ரெஸ்க்யூ (கணினியை பென் டிரைவிலிருந்தே தொடங்கி ஓட்டும் லைவ் லினக்ஸ்) போட்ட ஒரு பென் டிரைவ், பழுதானதைவிடப் பெரிய காலி டிஸ்க் ஒன்று, நல்ல கார்டு ரீடர். உபுண்டு லைவும் போதும். ஆனால் அது செருகியதையெல்லாம் தானாகவே மவுண்ட் செய்யும் (திறந்து இணைத்துக்கொள்ளும்), அதனால் என் ஓட்டு சிஸ்டம்ரெஸ்க்யூவுக்கே. காலி டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டில் வையுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபியைத் தொடும்போது நகல் நின்றுவிடும். மைக்ரோ எஸ்டி என்றால் அடாப்டரின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டை "லாக்" பக்கம் தள்ளுங்கள். எல்லா ரீடரும் அதை மதிக்காது, தள்ளுவதால் நஷ்டமும் இல்லை.

நகலெடுக்க டிடிரெஸ்க்யூ என்ற நிரல். உபுண்டுவில் நிறுவும்போது பொதியின் பெயருக்கு முன்னால் ஒரு "ஜி" சேர்க்க வேண்டும். கிட்டத்தட்ட அதே பெயரில், நடுவில் அடிக்கோடு போட்ட வேறொரு நிரலும் உண்டு, அது இதுவல்ல. லினக்ஸின் சாதாரண நகல் நிரலான டிடி, படிக்க முடியாத இடம் வந்ததும் நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பும்.

பலர் விழும் குழி இங்கேதான். கட்டளையில் மூன்று பெயர்கள் வரும்: மூலம், நகல், மேப் கோப்பு. வரிசை மாறக் கூடாது. முதல் முறை மாற்றிப் போட்டால் மூலக் கோப்பே இல்லை என்று நின்றுவிடும். இரண்டாம் முறை நகல் ஏற்கெனவே இருப்பதால் அந்தக் காப்பு இல்லை. அப்போது "ஃபோர்ஸ்" போட்டால்தான் எழுதுவேன் என்று டிடிரெஸ்க்யூ மறுக்கும். அவசரத்தில் அதையும் சேர்த்தீர்களோ, அரைகுறை நகல் கார்டின் மேலேயே எழுதப்படும். "ஃபோர்ஸ்" கேட்டாலே கையை எடுத்துவிட்டு வரிசையைப் பாருங்கள்.

அடுத்தது மேப் கோப்பு. எந்த இடம் படித்தாயிற்று, எது பாக்கி என்ற கணக்கேடு அது. அதைக் கொடுக்காமல் ஓட்டி நடுவில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. கொடுத்திருந்தாலும் லைவ் சிஸ்டத்தின் ஹோம் ஃபோல்டரில் வைத்தால் பயனில்லை. அந்த ஃபோல்டர் ரேமில்தான் இருக்கிறது, கரண்ட்டோடு சேர்ந்து போய்விடும். இமேஜும் மேப்பும் காலி டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும்.

மூலத்தின் பெயரைக் கொள்ளளவு பார்த்து உறுதி செய்யுங்கள். பார்ட்டிஷன் (டிஸ்க்கின் உட்பிரிவு) எண்ணைச் சேர்க்காமல் முழு சாதனத்தின் பெயரைக் கொடுங்கள். முதல் சுற்றுக்கு "டி" (d), "என்" (n) என்ற இரு சின்ன எழுத்து ஸ்விட்ச்சுகள் (கட்டளையோடு சேர்க்கும் குறிகள்) போதும். கெட்ட இடத்தைச் சுரண்டாமல் கிடைப்பதை எடுக்கும். இரண்டாம் சுற்றில் "என்" இல்லாமல், சின்ன எழுத்து "ஆர்" போட்டு ஒட்டி 3 என்று கொடுத்தால் மூன்று முறை முயலும். பெரிய எழுத்து "ஆர்" பின்னாலிருந்து முன்னோக்கிப் படிக்கும். ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் டிஸ்க் அப்படிச் சில சமயம் வழிவிடும்.

நல்ல நிலையில் உள்ள 64 ஜிபி கார்டு யூஎஸ்பி 2-இல் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். பழுதானது ராத்திரி முழுக்க ஓடலாம். ஹார்ட் டிஸ்க்கை மெத்தையிலோ துணியிலோ வைக்காமல், வெறும் ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் படுக்க வைத்து ஒரு மேஜை விசிறியைத் திருப்பிவிடுங்கள். ஓடும்போது நகர்த்தாதீர்கள்.

திரையில் "கடைசியாகப் படித்து எவ்வளவு நேரமாயிற்று" என்ற எண் நிமிடக்கணக்கில் ஏறினால் ரீடர் உறைந்துவிட்டது. கன்ட்ரோல்-சி கொடுத்து நிறுத்தி, கழற்றிச் செருகுங்கள். இப்போது சாதனப் பெயரின் கடைசி எழுத்து "பி" "சி"யாக மாறியிருக்கலாம். பார்க்காமல் பழைய கட்டளையை அப்படியே ஓட்டாதீர்கள்.

நகல் முடிந்ததும் கார்டை எடுத்து வைத்துவிடலாம். இமேஜை முதலில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரலில் திறங்கள். ஃபோல்டர் அமைப்பு பிழைத்திருந்தால் கோப்புகள் பெயரோடு கிடைக்கும். இல்லையென்றால்தான் ஃபோட்டோரெக் என்ற நிரல். அது ஜேபெக் படக் கோப்பின் தொடக்கக் குறியைத் தேடி எடுப்பதால் பெயர் கிடைக்காது. "எஃப்"க்குப் பின்னால் செக்டர் (கார்டில் கோப்பு கிடந்த இடம்) எண்தான் பெயர். "டி"யில் (t) தொடங்குபவை சிறுபடங்கள், அவற்றை ஒதுக்கிவிடுங்கள். தேதிவாரியாகப் பெயர் மாற்ற எக்ஸிஃப்டூல் என்ற நிரல் உதவும்.

பிற்சேர்க்கை, வீடியோவுக்கு: எம்பி4 கோப்பு கார்டில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் ஃபோட்டோரெக் எடுத்தாலும் ஓடாது. தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி செத்து, ரெக்கார்டிங் பாதியில் நின்ற கோப்பு வேறு வகை. அதில் கடைசியில் எழுத வேண்டிய அட்டவணை இருக்காது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து அன்ட்ரங்க் நிரலில் ஓட்டிப் பாருங்கள்.