ஞாயிற்றுக்கிழமை சம்ப் வற்றவில்லை: எக்செல் சார்ட்டில் விடுபட்ட நாட்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் அபார்ட்மென்ட் சம்ப்பில் (தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தினமும் காலையில் அளப்பவர் வாட்ச்மேன் அண்ணன். அடிக்கு ஒரு கோடு கீறிய மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, ஈரம் ஏறிய இடத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவார். டேங்கருக்கு எந்த நாளில் சொல்லலாம் என்று பார்க்க, அந்த நோட்டை எக்செலில் ஏற்றி லைன் சார்ட் போட்டேன். ஞாயிறுதோறும் கோடு பொத்தென்று சைபரில் விழுந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் முதல் கேள்வி: "சார், ஞாயிற்றுக்கிழமை தண்ணியை யார் எடுக்கிறாங்க?"

யாரும் எடுக்கவில்லை. அன்று அவருக்கு விடுமுறை. நான் அந்தக் கட்டத்தில் 'லீவு' என்று அடித்திருந்தேன். லைன் சார்ட்டில் எழுத்து வந்தால் எக்செல் அதைச் சைபராகத்தான் வரையும்.

1. முதலில் தேதியைப் பாருங்கள்

பாதிப் பிரச்சினை இங்கேதான். தேதி இருக்கும் காலத்தை (column, நெடுவரிசை) தேர்ந்தெடுத்து, ஃபார்மேட்டை 'ஜெனரல்' என்று மாற்றுங்கள். 2024 மார்ச் 1 என்பது 45352 என்று மாறினால் அது உண்மையான தேதி. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து நாட்களை எண்ணுகிறது. மாறாமல் அப்படியே நின்றால் அது வெறும் எழுத்து.

கம்ப்யூட்டர் அமெரிக்க செட்டிங்கில் இருந்தால் இன்னொரு கூத்து நடக்கும். 03/04 என்று நாம் அடித்த ஏப்ரல் 3, சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். 13-ஆம் தேதி முதல் வருபவை, பதின்மூன்றாவது மாதம் கிடையாதே, எழுத்தாகவே நின்றுவிடும். எழுத்தாக நிற்பவற்றை 'டேட்டா' மெனுவில் 'டெக்ஸ்ட் டூ காலம்ஸ்' போய், மூன்றாவது படியில் 'டேட்: டிஎம்ஒய்' (நாள், மாதம், ஆண்டு வரிசை) கொடுத்துச் சரிசெய்யலாம். ஏற்கெனவே தலைகீழானவை அதில் திரும்பாது. டேட்டா சிஎஸ்வி ஃபைலிலிருந்து (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) வந்ததென்றால், விண்டோஸில் ரீஜனை இந்தியாவாக மாற்றிவிட்டு, அதைப் புதிதாகத் திறப்பதுதான் வழி. கையால் அடித்ததென்றால், சரி, திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

2. காலி என்றால் நிஜமாகவே காலி

கட்டத்தில் அடித்த 'லீவு', சிறுகோடு (-), ஸ்பேஸ் எல்லாவற்றையும் டெலீட் செய்யுங்கள். ஃபார்முலாவில் இரட்டை மேற்கோள் குறி போட்டு விட்ட வெற்றிடமும் எழுத்துதான், அதுவும் சைபரில் விழும். அங்கே 'அளவு இல்லை' என்று சொல்லும் 'என்ஏ' ஃபங்ஷனை, அதாவது NA(), போடுங்கள்.

3. நாளே விடுபட்டிருந்தால்

கட்டம் காலியாக இருப்பது வேறு, அந்த நாளுக்கு வரியே இல்லாதது வேறு. வரி இல்லையென்றால் எக்செலுக்கு இடைவெளி என்று ஒன்று தெரியாது, முந்தைய நாளையும் அடுத்த நாளையும் நேர்கோட்டில் இணைத்துவிடும். அதனால் தனி நெடுவரிசையில் எல்லாத் தேதிகளையும் இழுத்து நிரப்பி, அளவை 'விலுக்அப்' (VLOOKUP, தேதியை வைத்து மூலப் பட்டியலில் தேடி எடுக்கும் ஃபங்ஷன்) வைத்துக் கொண்டுவாருங்கள். நான் ஏமாந்த இடம்: மூலத்தில் தேதி இருந்து அளவு காலியாக இருந்தால், விலுக்அப் சைபரைக் கொண்டுவரும். அதனால் ஒரு 'இஃப்' போட்டு, மூலக் கட்டம் காலி என்றால் என்ஏ வரும்படி செய்யுங்கள்.

அப்புறம் சார்ட்டில் தேதிகள் இருக்கும் அச்சின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஃபார்மேட் ஆக்சிஸ்' உள்ளே 'டேட் ஆக்சிஸ்' இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

4. இடைவெளியை எப்படிக் காட்டுவது

சார்ட்டில் ரைட் கிளிக், 'செலக்ட் டேட்டா', கீழே 'ஹிடன் அண்ட் எம்ப்ட்டி செல்ஸ்'. மூன்று வழிகள் இருக்கும்: இடைவெளி விடு, சைபர் போடு, கோட்டால் இணை. என்ஏ-வைக் காலியாகக் காட்டும் டிக் பெட்டி புதிய பதிப்புகளில் அங்கேயே இருக்கும்.

சம்ப்புக்கு நான் இடைவெளியைத்தான் வைத்தேன். இணைத்தால் சனிக்கும் திங்களுக்கும் நடுவே ஒரு கற்பனை அளவு முளைக்கும். நடுவில் டேங்கர் வந்து போயிருந்தால் அது சுத்தப் பொய்.

இடைவெளி வைத்தால் மார்க்கரையும் போட்டுவிடுங்கள். இரண்டு காலி நாட்களுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒற்றை அளவுக்குக் கோடு கிடையாது, புள்ளியும் இல்லையென்றால் அது கண்ணுக்கே தெரியாது.