செமி ஆட்டோ ஷாட்கன் வாங்குறீங்களா? 20 கேஜ்லயே பாருங்க

அமெரிக்காவுல கிரௌஸ், ஃபெசன்ட் மாதிரி பறவை வேட்டைக்கு லைட்டான செமி ஆட்டோ (சுட்டதும் அடுத்த தோட்டாவ தானே ஏத்திக்கிற துப்பாக்கி) தேடுறவங்க 12 கேஜ்ல லைட் மாடல் தேடாம நேரா 20 கேஜ்ல இனர்ஷியா சிஸ்டம், அதாவது சுடுறப்ப வர்ற உதையாலயே அடுத்த தோட்டாவ ஏத்துற அமைப்பு உள்ள துப்பாக்கியா பாருங்க. கேஜ்னா குழாயோட அளவு, எண் பெருசானா குழாய் சின்னது. பெனெல்லி அல்ட்ரா லைட்டையே எடுத்துக்கிட்டா 12 கேஜ் சுமார் 2.8 கிலோ, 20 கேஜ் சுமார் 2.4 கிலோதான், நாள் முழுக்க புதருக்குள்ள தூக்கிட்டு நடக்குறப்போ அந்த 400 கிராம் என்னன்னு கை சொல்லும். 20 கேஜ்ல பாடியே சின்னது, இனர்ஷியாவுல பேரலுக்கு (குழாய்க்கு) அடியில, கேஸ் சிஸ்டத்துல இருக்குற மாதிரி தோட்டா வெடிக்கிற வாயுவால தள்ளப்படுற கேஸ் பிஸ்டனும் இல்ல, அதனால முன்பக்கம் கனக்காது, பறவை படபடன்னு கிளம்புறப்ப சட்டுன்னு தோளுக்கு வரும். லைட்டான 12 கேஜ்ல பெரிய தோட்டா போட்டா தோள்பட்டை தாங்காதுங்க. கடையில சேம்பர் (தோட்டா உக்காருற அறை) காலியான்னு பாத்துட்டு, வேட்டைக்குப் போடுற தடிமனான ஜாக்கெட்டோடயே தோள்ல வச்சுப் பாருங்க, பின்கட்டை அக்குள்ல சிக்குச்சுன்னா நீளம் ஜாஸ்தி.

சீசன் கடைசியில தூரத்துலயே எழும்புற ஃபெசன்ட்டுக்கும், ஈய ரவைய (தோட்டாவுக்குள்ள இருக்குற சின்ன குண்டுகள்) தடை பண்ணி ஸ்டீல் ரவை மட்டுமே அனுமதிக்கிற இடத்துக்கும் 20 கேஜ் சரிவராது, அங்க 12 கேஜ்தான். ரொம்ப மைல்டான தோட்டா சுடுறவங்களுக்கு கேஸ் சிஸ்டம் நல்லது, இனர்ஷியா சில நேரம் அடுத்த தோட்டாவ ஏத்தாம நின்னுடும்.