வலிக்கும் இடத்தைப் பாருங்கள்: வயர்லெஸ் ஆன்-இயர் ஹெட்ஃபோனைச் சோதிக்கும் முறை

ஆன்-இயர் ஹெட்ஃபோனின் குஷன் காது மடலின் மேலேயே உட்காரும். ஓவர்-இயர் வகையில் குஷன் காதைச் சுற்றித் தலையில் பதிவதால் இறுக்கம் பெரிய பரப்பில் பரவிவிடும். இங்கே அதே இறுக்கம் முழுவதையும் மடல்தான் தாங்குகிறது. மடலுக்குள் இருப்பது குருத்தெலும்பு, அதன் மேல் மெல்லிய தோல். பக்கத்துக்கு 4 நியூட்டன் இறுக்கம் என்றால், ஒவ்வொரு காதையும் சுமார் 400 கிராம் எடை விடாமல் அழுத்துகிறது என்று பொருள். முதல் இரண்டு நிமிடம் இது தெரியவே தெரியாது. அரை மணி நேரம் கழித்துத்தான் காது சுடும்.

அதனால் போட்டவுடன் முடிவு சொல்லாதீர்கள். குறைந்தது 40 நிமிடம் தொடர்ந்து போட்டிருங்கள். கண்ணாடி, கம்மல் அணிபவர்கள் அவற்றோடுதான் சோதிக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குவது இந்த 40 நிமிடத்துக்காகத்தான்.

முதலில் ஸ்லைடரை, அதாவது ஹெட்பேண்டின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டு பக்கமும் முழுதாக உள்ளே தள்ளி, தலையில் வைத்து, குஷனின் நடு காதுத் துளைக்கு நேராக வரும்வரை ஒவ்வொரு கிளிக்காக இறக்குங்கள். கடைசிக் கிளிக்வரை இழுத்தும் எட்டவில்லை என்றால் அந்த மாடல் உங்கள் தலைக்குச் சின்னது, அதோடு விட்டுவிடுங்கள். கடைசிக் கிளிக்கில்தான் பொருந்துகிறது என்றாலும் யோசியுங்கள். தொப்பி போட்டாலோ முடியைத் தூக்கிக் கட்டினாலோ மேற்கொண்டு இழுக்க இடமிருக்காது.

40 நிமிடம் கழித்துக் கழற்றியதும் கண்ணாடி முன்னால் நின்று, எங்கே சிவந்திருக்கிறது, எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். எந்த இடம் வலிக்கிறதோ அதை வைத்தே எந்தப் பாகத்தில் குறை என்று சொல்லிவிடலாம்.

உச்சந்தலையில் ஒரே புள்ளியில் வலித்தால் ஹெட்பேண்டின் வளைவு உங்கள் தலையோடு ஒட்டவில்லை, அல்லது உள்பக்கப் பஞ்சு மெல்லியது. மடலின் மேல்விளிம்பு மட்டும் சிவந்திருந்தால் கப் (குஷன் பொருத்தப்பட்ட கிண்ணம் போன்ற பாகம்) சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்லைடரை ஒரு கிளிக் மாற்றிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் கப் திரும்பும் கோணம் போதவில்லை. கப் மேலும் கீழும், முன்னும் பின்னும் என இரண்டு விதமாகவும் கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும். ஒரே திசையில் மட்டும் அசையும் கப்பால் இந்தத் தொல்லை வரும். மடல் முழுக்கச் சுட்டால் இறுக்கம் அதிகம். காதுக்குப் பின்னால், கண்ணாடிக் கம்பி போகும் இடத்தில் வலித்தால், குஷன் மடலை அழுத்த, மடல் கம்பியை எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. மெல்லிய கம்பி உள்ள கண்ணாடிக்கு இது குறையும். தடித்த ஃபிரேமோடு ஆன்-இயர் ஒத்துவருவது அபூர்வம்.

இறுக்கம் விஷயத்தில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குஷன் காதோடு நன்றாக ஒட்டினால்தான் பேஸ் (பாட்டின் அடித்தள ஆழமான சத்தம்) வெளியே கசியாமல் கேட்கும். இறுக்கமான ஹெட்ஃபோனுக்கு இது இயல்பாகவே அமைந்துவிடும். இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகையில் இறுக்கமானதே ‘நல்ல சத்தம்’ என்று தோன்றி, அதையே வாங்கிவிடுவோம். ஒரு சோதனை செய்து பாருங்கள்: பேஸ் அதிகமுள்ள பாட்டை ஓடவிட்டு, இரண்டு கப்பையும் விரலால் லேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் குஷன் சரியாக ஒட்டவில்லை. பெரிதாக மாறவில்லை என்றால் தேவையான இறுக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பிறகு குனிந்து தரையைப் பாருங்கள், தலையை இடவலமாக ஆட்டுங்கள். நழுவாமல் நின்றால் போதும், அதற்கு மேல் இறுக்கம் வேண்டியதில்லை.

ஹெட்பேண்டுக்குள் உலோகப் பட்டை இருந்தால் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம். உங்கள் தலையின் அகலத்தைவிட 1 அல்லது 2 செ.மீ. கூடுதலாகப் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் ஓர் இரவு மாட்டி வையுங்கள். காலையில் போட்டுப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் மறுபடி செய்யுங்கள். ஒரேயடியாக விரித்தால் பேஸ் போய்விடும். முழு பிளாஸ்டிக் பேண்டில் இதைச் செய்யவே கூடாது. ஸ்லைடர் சேரும் மூட்டில் விரிசல் விடும்.

குஷனைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். மெமரி ஃபோம் என்றால் பள்ளம் மெதுவாக நிரம்பும், சாதாரண ஃபோம் உடனே எழும்பும். மெமரி ஃபோம் உடல்சூட்டில் இன்னும் இளகி மடலின் மேடுபள்ளத்துக்கு ஏற்பப் படியும் என்பதால் ஆன்-இயருக்கு அதுவே நல்லது. அழுத்தும்போது அடியில் கடினமான பிளாஸ்டிக் தட்டுப்பட்டால் தவிர்த்துவிடுங்கள். நாள்பட ஃபோம் அமுங்கியதும் காது அந்தப் பிளாஸ்டிக்கில்தான் உரசும். மேலுறை ரெக்சின் மாதிரியான செயற்கைத் தோல் என்றால், வியர்வையும் சூடும் பட்டுப்பட்டு ஒரு நாள் செதில் செதிலாக உரியும். அதனால் குஷன் கழற்றி மாட்டும் வகையா, பசை போட்டு ஒட்டியதா, மாற்றுக் குஷன் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். துணி உறை காற்றோட்டமானது. ஆனால் வியர்வையை உறிஞ்சும், பேஸும் சற்றுக் கசியும்.

பட்டன் எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கப்பின் முகப்பில் இருந்தால் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கப் காதைக் குத்தும். விளிம்பில் இருந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கப்பைப் பிடித்துக்கொண்டே அழுத்தலாம். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கூட்டுங்கள், குறையுங்கள், பாட்டை நிறுத்துங்கள். மூன்றையும் தடுமாறாமல் செய்ய முடிய வேண்டும். தொட்டு இயக்கும் கப் என்றால், ஹெட்ஃபோனைச் சரிசெய்யக் கை வைக்கும்போது பாட்டு தானாக மாறுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, பாட்டை நிறுத்திவிட்டு, ஹெட்ஃபோனைப் போட்டபடியே எதையாவது மெல்லுங்கள், பேசுங்கள், தலையைத் திருப்புங்கள். மூட்டில் ‘கிறீச்’ என்று கேட்டால் அந்தச் சத்தம் நேராகக் காதுக்குள் வரும், மௌனமான இடங்களில் பாட்டையும் கெடுக்கும். புதிதாக இருக்கும்போதே கிறீச்சிடும் மூட்டு, போகப் போக இன்னும்தான் தளரும்.